கடைசியாக நலமாயிருந்த நேரம்

கொட்டாஞ்சேனையில் என் டிஸ்பென்சரிக்கு
ஆறு நாற்காலி, ஒரு வாங்கு.
மழைக்காலத்தில் குடைகளுக்கும் இடம் வேண்டும்,
அப்போது ஐந்து நாற்காலி.

மரியசேவியர் எப்போதும் வாங்கில்தான்.
நாலாம் குறுக்குத் தெருவில்
மொத்தக் கடையொன்றுக்குக் கணக்கெழுதுகிறவர்.
அவர் கையை மேசையில் நீட்டுமுன்பே
அறை முழுக்கப் பம்பாய் வெங்காயம்.

பட்டி இறுகி, மெல்லத் தளர்கையில்
இருவரும் பேசமாட்டோம்.
நூற்றெழுபத்தெட்டு. கீழே நூற்றிநாலு.
"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே டொக்டர்.
தலைச்சுத்தில்லை, நெஞ்சு நோவில்லை,
மூண்டாம் மாடிக்கு ஒரே மூச்சில ஏறுறன்."
அதுதான் கரைச்சல் என்றேன்.
நொந்தால் நீங்களே வருவீர்கள்.
நோகாததற்கு நானல்லவா கூப்பிட வேண்டும்.

கருவாட்டைக் குறைக்கச் சொன்னேன்.
"மன்னாரானிட்ட கருவாட்டைக் கழிச்சால்
மிச்சம் என்ன வரும்?"
கணக்கப்பிள்ளை. சிரித்துவிட்டேன்.

மூன்று மாதம் தவறாமல் வந்தார்.
நூற்று முப்பத்தாறுக்கு இறங்கிய நாளில்
ஒரு கிலோ வெங்காயத்தை மேசையில் வைத்தார்.
பிறகு வரவில்லை.

குளிசை விலை ஏறிய வருடம்.
அவர் அட்டை சப்பாத்துப் பெட்டியில்
'ம' வரிசையில் நின்றது.
இரண்டு தரம் கையில் எடுத்தேன்.
ஒருதரம் யாரோ பிள்ளைக்கு வலிப்பு,
மற்றத்தரம் கரண்ட் போனது.
இலக்கம் இருந்தது.
நான் அழைக்கவில்லை.

புதன்கிழமை, ஆறு இருபத்தைந்துக்கு றெஜினா.
பின்னால் குக்கர் விசில்.
"இவருக்கு வாய் ஒரு பக்கம் போகுது டொக்டர்,
என்னவோ சொல்றார், விளங்கேல்ல.
படுக்கவைச்சுக் கோப்பி குடுக்கட்டாம்,
பக்கத்து வீட்டக்கா சொல்றா."
ஒன்றும் கொடுக்காதே.
தண்ணீரும் வேண்டாம், குளிசையும் வேண்டாம்.
இரண்டு கையையும் தூக்கச் சொல்.
விசில் நின்றது.
"ஒண்டுதான் வருது."

கடைசியாக எப்போது நல்லாயிருந்தார்?
"நேத்து நல்லா…"
நேற்றை விடு. இன்றைக்கு. யோசி.
"கோயில் மணிக்கு எழும்பினவர்.
பல்லுத் தீட்டிப்போட்டுக்
கலண்டர் தாளைக் கிழிச்சு
என்ர கையில தந்தவர்."
எத்தனை மணிக்கு?
"ஆறு… ஆறு பத்து இருக்கும்."

அம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு
ஒரு கால் என் செருப்பு,
மறு கால் மகனுடையது,
இரண்டு தெரு ஓடினேன்.
கடிதத்தில் அதிகம் எழுதவில்லை:
பிரஷர், சீனி, தந்த மருந்து, நிறுத்திய மருந்து.
எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்
ஆறு பத்து.
பெரியாஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்பது அதைத்தான்.
உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு
நாலரை மணித்தியாலம் தருகிறார்கள்.
ஆமர் வீதிச் சந்தி அதில் எவ்வளவு தின்னும் என்று
யாரும் எழுதி வைத்ததில்லை.

கால் திரும்பியது. கை, பாதி.
சொற்கள் தம் இஷ்டத்துக்கு வந்தன.
தேங்காயைக் காட்டினால் 'கதவு' என்பார்,
என்னை 'றெஜினா' என்பார்.
றெஜினாவைப் பார்த்தால் ஒரு சொல்லும் வராது,
கண் நிறையும்.
ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னால் மட்டும்
தடக்கமில்லை.
நாற்பதில் போதும் என்றாலும் நிற்கமாட்டார்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில்
அந்த மூன்றாம் மாடிக்கு ஏறுகிறேன்.
இப்போது மூச்சு வாங்குவது எனக்கு.
சட்டைப் பொத்தானை இடக்கையால்
அவர் பூட்டி முடிக்கும்வரை
மூவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

போன கிழமை சும்மா
றெஜினாவின் கையிலும் பட்டியைச் சுற்றினேன்.
நூற்றறுபத்திரண்டு.
"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே…"
சொல்லத் தொடங்கி, நிறுத்தினாள்.

புதிய அட்டை எடுத்தேன்.
ரெலிபோன் இலக்கம் என்ன என்றேன்.
சாய்கதிரையிலிருந்து மரியசேவியர் சொன்னார்,
ஒவ்வோர் இலக்கமாய், கணக்குப் புத்தகம் வாசிப்பவர்போல்.
ஒன்று பிழை.
றெஜினா திருத்தவில்லை.
நானும் அப்படியே எழுதிக்கொண்டு
படியிறங்கும்போது திருத்தினேன்.
எனக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கம் அது.